"இருபத்துநாலு வோல்ட்டு, வேணாம் தம்பி": எண்ணூர் ரோட்டுல செத்துப்போன ஒரு கார் பேட்டரியோட வரலாறு

இந்த எபிசோட், நடு ரோட்டுல நின்னுபோன ஒரு கார்ல ஆரம்பிக்குது. கார் எங்க அப்பாவோடது. 2004 மாடல் மாருதி 800, வெள்ளைக் கலர். நாங்க இருக்கிறது ராயபுரம், கல்மண்டபம் பக்கம். அன்னிக்கு திருவொற்றியூர்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு ராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வழியா திரும்பி வந்துக்கிட்டிருந்தேன். துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிக்குது. நமக்கும் வழி இல்லை. பெட்ரோல் மிச்சம் பண்றதா நினைச்சு எஞ்சினை ஆஃப் பண்ணிட்டேன். ஆனா ஹெட்லைட் எரியுது, ஃபேன் ஓடுது, பாட்டு ஓடுது, போன் சார்ஜ் ஏறுது.

முக்கால் மணி நேரம் கழிச்சு வரிசை நகர ஆரம்பிச்சுது. சாவியைத் திருப்பினா 'டிக் டிக் டிக்'. அவ்வளவுதான்.

பக்கத்து ட்ரெய்லர் டிரைவர் நல்ல மனுஷன். இறங்கி வந்து, "பேட்டரி டவுனா? இருப்பா, நம்ம வண்டியில இருந்து குடுக்கிறேன்"னு ஜம்பர் கேபிளை எடுத்துட்டார். ஒரு முனையை மாட்டப் போகும்போது பின்னாடி லாரியிலிருந்து ஒரு வயசான டிரைவர் கத்தினார்: "டேய், அது இருபத்துநாலு வோல்ட்டு! வேணாம் தம்பி, கார் போயிடும்!"

கனரக லாரிகள்ல ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையா இணைச்சு 24 வோல்ட்டா ஓட்டுவாங்க. பெரிய டீசல் எஞ்சினைச் சுத்த நிறைய சக்தி வேணும். வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கினா அதே சக்திக்குப் பாதி கரன்ட் போதும், ஒயரும் ரொம்பத் தடியா இருக்க வேண்டாம். ஆனா அந்த 24 வோல்ட்டை என் மாருதிக்குக் கொடுத்திருந்தா, எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் கருகியிருக்கலாம். பேட்டரி கேஸ் கட்டி வெடிச்சிருக்கவும் கூடும்.

கடைசியில நாலு பேர் சேர்ந்து தள்ளினாங்க. செகண்ட் கியர் போட்டு கிளட்சை விட்டேன், ஸ்டார்ட் ஆயிடுச்சு. வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் தூக்கம் வரலை. தினமும் சாவியைத் திருப்புறோம், அதுக்குள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியலையேன்னு ஒரு வெட்கம். தேட ஆரம்பிச்சேன். தேடினது என்னைத் திரும்பவும் அதே எண்ணூருக்குத்தான் கூட்டிட்டு வந்துச்சு.

பெட்டிக்குள்ள இருக்கிறது 1859

உங்க கையில இருக்கிற போனோட பேட்டரி லித்தியம். வந்து முப்பது, முப்பத்தஞ்சு வருஷம்தான் ஆகுது. ஆனா உங்க பெட்ரோல் காரை ஸ்டார்ட் பண்ற பேட்டரி 1859-ல பிரான்ஸ்ல கஸ்தோன் பிளான்டே கண்டுபிடிச்சது. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்துல முக்கி வெச்சா மின்சாரத்தைச் சேமிக்கலாம், எடுக்கலாம், திரும்பச் சேமிக்கலாம்னு அவர் காட்டினார். அதுக்கு முன்னாடி இருந்த பேட்டரிகள் ஒருதடவை தீர்ந்தா தீர்ந்ததுதான். 1881-ல கமீல் ஃபோர்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகடு மேல ஈய ஆக்சைடைப் பசை மாதிரி பூசினார். கொள்ளளவு கூடுச்சு, தயாரிக்கிறதும் சுலபமாச்சு. இன்னிக்கு வரைக்கும் அடிப்படை அதுதான்.

இப்படி ஒரு அறை, அதாவது ஒரு செல், சுமார் 2.1 வோல்ட் கொடுக்கும். கார் பேட்டரியில ஆறு செல். ஆறையும் கூட்டினா 12.6. முழுசா சார்ஜ் ஆகி ஓய்வுல இருக்கிற பேட்டரியில மல்டிமீட்டர் வெச்சா அதுதான் காட்டணும். 12.4-க்குக் கீழே வந்தா கவனிக்கணும். 12.0-ன்னா கிட்டத்தட்ட காலி. 12 வோல்ட் பேட்டரியில 12 வோல்ட் காட்டுதே, சரியாத்தானே இருக்குன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிருக்கேன்.

இன்னொரு ஆச்சரியம். இந்தப் பேட்டரி முதல்ல காரை ஸ்டார்ட் பண்ண வரலை, காரையே ஓட்டத்தான் வந்துச்சு. உலகத்துலயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டின முதல் கார் 1899-ல பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸி ஓட்டினது. அது எலெக்ட்ரிக் கார், உள்ள இருந்தது ஈய பேட்டரி. அந்தக் காலத்து பெட்ரோல் காரை ஸ்டார்ட் பண்ணணும்னா முன்னாடி போய் இரும்பு ஹேண்டிலைச் சுத்தணும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைச்சா மணிக்கட்டு போயிடும்.

இதை மாத்தினது அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங். அவரோட எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்ல வந்துச்சு. ஹேண்டில் சுத்த வேண்டியதில்லைன்னு ஆனதும் பெட்ரோல் கார் எல்லாருக்குமானதா மாறுச்சு. பழைய எலெக்ட்ரிக் கார்கள் மெல்ல மறைஞ்சது. வேடிக்கை என்னன்னா, எலெக்ட்ரிக் காரைத் தோற்கடிக்க பெட்ரோல் கார் கடன் வாங்கினது அதே எலெக்ட்ரிக் காரோட பேட்டரியைத்தான்.

எண்ணூர்ல ஒரு சின்னக் கார்

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். எண்ணூர்னா நமக்கு லாரி, அசோக் லேலண்ட். ஆனா அந்தத் தொழிற்சாலை லாரிக்காக ஆரம்பிச்சதில்லை.

1948 செப்டம்பர்ல ரகுநந்தன் சரண் 'அசோக் மோட்டார்ஸ்'னு ஒரு கம்பெனி தொடங்கினார். அசோக்ங்கிறது அவரோட மகன் பேர். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. எண்ணூர்ல அவங்க அசெம்பிள் பண்ணது ஆஸ்டின் ஏ40, பிரிட்டிஷ் சின்னக் கார், 1,200 சிசி. இங்கிலாந்திலிருந்து பாகங்களா வரும், இங்கே பூட்டுவாங்க. மாருதி வர்றதுக்கு முப்பது வருஷத்துக்கும் மேல முன்னாடியே வடசென்னையிலிருந்து ஒரு சின்னக் கார் ரோட்டுக்கு வந்திருக்கு.

அந்த ஏ40-ல 12 வோல்ட் பேட்டரிதான். ஸ்டார்ட்டரும் உண்டு, பேட்டரி சோர்ந்துபோனா ஹேண்டில் போட்டும் சுத்தலாம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, இன்னிக்கு மெக்கானிக்குகளுக்கே சொன்னா முழிப்பாங்க. அதுல பேட்டரியோட ப்ளஸ்தான் பாடியில இருக்கும், மைனஸ் இல்ல. அன்னிக்கு பிரிட்டிஷ் கார்கள்ல அதுதான் வழக்கம். 1960-கள்ல தான் படிப்படியா மைனஸ் பாடிக்கு மாறினாங்க.

எங்க தெரு மெக்கானிக் அண்ணன் பேட்டரி கழட்டும்போது "மைனஸை முதல்ல கழட்டு"ன்னு சொல்லவே மாட்டார். "பாடி ஒயரை முதல்ல கழட்டு, கடைசியில மாட்டு"ன்னுதான் சொல்வார். ஏன்னா பாடி ஒயர் இருக்கும்போது இன்னொரு பக்கத்தை ஸ்பேனர்ல கழட்டி, அந்த ஸ்பேனர் தப்பித்தவறி பாடியில பட்டா பெரிய தீப்பொறி வரும். அவர் சொல்ற விதி ஏ40-க்கும் பொருந்தும், மாருதிக்கும் பொருந்தும். அவருக்குத் தொழில் கத்துக்கொடுத்தவங்க ரெண்டு வகை காரையும் பார்த்தவங்களா இருக்கணும்னு எனக்குத் தோணுது.

சரி, ஏ40 ஏன் நிலைக்கலை? 1950-ல லேலண்டோட ஒப்பந்தம் ஆச்சு, லாரி அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க. 1953-ல டாரிஃப் கமிஷன் சொன்ன யோசனையை ஏத்துக்கிட்டு, இங்கேயே படிப்படியா உற்பத்தி பண்ற திட்டம் இல்லாதவங்க வெறும் அசெம்பிளி பண்ணிக்கிட்டிருக்கக் கூடாதுன்னு அரசு முடிவெடுத்துச்சு. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ரெண்டும் மூட்டை கட்டினாங்க. எண்ணூர் லாரிப் பக்கம் போச்சு. 1955-ல கம்பெனி பேரே அசோக் லேலண்ட்னு மாறுச்சு. என்னைச் சுத்தி 24 வோல்ட் லாரிகளா நின்ன அந்த ரோட்டுக்கும் இந்த முடிவுக்கும் ஒரு தொடர்பு இருக்கு.

அதே சமயம் பக்கத்துலயே, திருவொற்றியூர்ல, என்ஃபீல்டு தொழிற்சாலை வந்துச்சு. பழைய புல்லட் ஓட்டினவங்க வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க, ஹெட்லைட்டுக்கு மேல சின்னதா ஒரு ஆம்மீட்டர் இருக்கும். முள் ப்ளஸ் பக்கம் சாய்ஞ்சா பேட்டரிக்குக் கரன்ட் ஏறுது, மைனஸ் பக்கம்னா இறங்குது. ஓட்டுறவரோட கண்ணு எப்பவும் அதுல ஒரு தடவை போய்ட்டு வரும். என் மாருதியில அதுக்குப் பதிலா ஒரு சிவப்பு விளக்குதான். அது எரியும்போது பெரும்பாலும் விஷயம் கைமீறியிருக்கும்.

பேட்டரியைத் திறந்து பார்த்த காலம்

இன்னிக்கு பேட்டரி போனா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குறோம். அப்போ அப்படி இல்லை. பெட்டி எபோனைட், அதாவது கெட்டி ரப்பர். மேல் மூடியைத் தார் உருக்கி ஒட்டியிருப்பாங்க. ஒரு செல் செத்தா தாரைச் சூடாக்கி எடுத்து, உள்ள இருக்கிற தகடுக் கட்டை வெளிய இழுத்து, புதுத் தகடு போட்டு, ஈயத்தை உருக்கிப் பத்தவெச்சு, திரும்ப மூடுவாங்க. ஆறு செல்லுல ஒண்ணு போனா ஒண்ணை மட்டும் மாத்தலாம்.

அப்புறம் பிளாஸ்டிக் பெட்டி வந்துச்சு, மூடியை வெப்பத்துலயே ஒட்டிட்டாங்க. திறந்தா திரும்ப மூட முடியாது. 1970-கள்ல அமெரிக்காவுல இன்னொரு மாற்றம். அதுவரைக்கும் ஈயத் தகட்டைக் கெட்டியாக்க ஆன்டிமணி கலப்பாங்க, அதனால தண்ணி சீக்கிரம் குறையும். அதுக்குப் பதிலா கால்சியம் கலந்தாங்க. தண்ணி ஊத்த வேண்டிய தேவை ரொம்பக் குறைஞ்சுது. 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' பேட்டரி பிறந்தது அப்படித்தான்.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்போ ஹேண்டில் போடுற கதையும் முடிஞ்சுது. 2000-க்கு அப்புறம் கார்புரேட்டர் போய் எலெக்ட்ரானிக் முறை வந்துச்சு. இப்போ எரிபொருள் பம்ப் ஓடவும் கரன்ட் வேணும். பேட்டரி சுத்தமா செத்துட்டா, எத்தனை பேர் தள்ளினாலும் கார் எழுந்திருக்காது. என் கார் அன்னிக்கு எழுந்தது கொஞ்சம் உயிர் பாக்கி இருந்ததாலதான். காருக்குப் பேட்டரி மேல இருக்கிற சார்பு கூடிக்கிட்டே போச்சு, நமக்குப் பேட்டரி மேல இருக்கிற கவனம் குறைஞ்சுக்கிட்டே போச்சு.

பழைய சின்னக் காருக்குப் பேட்டரி வாங்கும்போது

மறுநாள் மெக்கானிக் அண்ணன் லோடு டெஸ்ட் பண்ணிட்டு, "நாலு வருஷம் உழைச்சிருக்கு, போதும்"னார். அவர்கிட்ட கத்துக்கிட்டதையும் நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல அளவு. மாருதி 800 மாதிரி காருக்கு 12 வோல்ட், 35 ஆம்பியர்-ஹவர் போதும். பெருசு போட்டா நல்லதுன்னு சொல்வாங்க. ஆனா அது தட்டுல உட்காரணும், கிளாம்ப் பிடிக்கணும். ஆடுற பேட்டரியோட தகடு சீக்கிரம் உதிரும். ப்ளஸ் முனை எந்தப் பக்கம் இருக்குன்னும் பாருங்க. தப்பான பக்கம் வாங்கினா ஒயர் எட்டாது. இழுத்துக்கட்டி ப்ளஸ்-மைனஸ் மாறிப்போச்சுன்னா ஆல்டர்னேட்டர்ல இருக்கிற டயோடு ஒரு நொடியில போயிடும்.

ரெண்டாவது தேதி. பேட்டரி சும்மா அலமாரியில இருந்தாலும் சார்ஜ் இறங்கும். தயாரிச்சு மூணு மாசத்துக்குள்ள இருக்கிறதா கேளுங்க. வாரன்ட்டியில '18+18'ன்னு போட்டிருந்தா அது முழுசா மூணு வருஷம் இல்லை. முதல் 18 மாசம்தான் இலவசமா மாத்துவாங்க, அடுத்த 18 மாசம் கழிவு விலைதான்.

மூணாவது, சிசிஏ-ன்னு ஒரு எண் போட்டிருக்கும். அது மைனஸ் 18 டிகிரி குளிர்ல ஸ்டார்ட் பண்ற திறன். ராயபுரத்துல அந்தக் குளிரை நாம பார்க்கப் போறதில்லை. நம்ம எதிரி வெயில். சூடு 10 டிகிரி கூடினா பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு பொது விதி உண்டு. நிழல்ல நிறுத்துறதே பாதி பராமரிப்பு.

மீதிப் பாதி உப்புக் காத்து. காசிமேடு, ராயபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், இரும்பு எதுவும் நிக்காது. டெர்மினல்ல வெள்ளையாவோ நீலப் பச்சையாவோ பூத்தா, ஒயரைக் கழட்டிட்டு சுடுதண்ணியில ஆப்ப சோடா கலந்து கழுவுங்க. காய வெச்சு, இறுக்கி மாட்டின பிறகு மேல வாசலின் தடவுங்க. மூடி திறக்கிற பேட்டரின்னா மாசம் ஒருதடவை தண்ணி மட்டம் பாருங்க. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். கேன் தண்ணி கூடாது, ஆசிட் ஊத்தவே கூடாது.

காரை அதிகம் எடுக்காதவங்க, தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றதுல பிரயோஜனம் இல்லை. ஸ்டார்ட் பண்ண எடுத்த கரன்ட்டே சரியா திரும்பி ஏறாது. வாரம் ஒருதடவை அரை மணி நேரம் ஓட்டுங்க. ஊருக்குப் போறீங்கன்னா பாடி ஒயரைக் கழட்டி வெச்சிட்டுப் போங்க. எஞ்சின் ஓடும்போது மீட்டர் 13.8-லிருந்து 14.5 வரைக்கும் காட்டணும். காட்டலைன்னா புதுப் பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி ஆல்டர்னேட்டரைப் பாருங்க.

பழைய பேட்டரி எங்கே போகுது?

இந்த எபிசோடை நான் பண்ணக் காரணம் இந்தக் கேள்விதான்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி போன பேட்டரியை நான் வாசலுக்கு வந்த காயலான் கடைக்காரர்கிட்ட போட்டேன். கடையில கழிக்கிறதை விட முந்நூறு ரூபாய் அதிகமா கொடுத்தார். சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். அவரால எப்படி அதிகம் கொடுக்க முடியுதுன்னு யோசிக்கலை.

என் கார் பேட்டரி சுமார் 10 கிலோ. அதுல பாதிக்கு மேல ஈயம். முறையான ஆலையில அமிலத்தைப் பிரிக்கணும், புகையை வடிகட்டணும், வேலை செய்றவங்க ரத்தத்தைப் பரிசோதிக்கணும். எல்லாம் செலவு. கோடாலியால உடைச்சு, அமிலத்தை மண்ணுல ஊத்தி, திறந்தவெளி அடுப்புல உருக்கினா அந்தச் செலவு இல்லை. எனக்குக் கிடைச்ச முந்நூறு ரூபாய் அந்த மிச்சத்திலிருந்து வந்திருக்கலாம்.

செனகல் நாட்டுல டாக்கர் நகரத்தை ஒட்டி தியாரோய்-சுர்-மேர்னு கடலோரத்துல ஒரு பகுதி. பேர்லயே கடல் இருக்கு. அங்கே பழைய பேட்டரி உடைச்சு ஈயம் எடுத்தாங்க. 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க இறந்துபோனாங்க. ஈய விஷம். ஈயம் கலந்த மண்ணைச் சலிச்சு வித்தவங்களோட குழந்தைங்களும் அதுல உண்டு. நம்ம ஊர்க் கடலோரத் தெருக்களை நினைச்சுக்கிட்டுதான் இதைப் படிச்சேன்.

நம்ம ஊர் நிலைமை? இந்தியாவுல பெட்ரோல்ல ஈயம் கலக்கிறது 2000-ல முழுசா நின்னுச்சு. அதுக்கப்புறமும் சென்னையில 3 முதல் 7 வயசு வரைக்கும் உள்ள 756 பள்ளிக் குழந்தைங்களைப் பரிசோதிச்ச ஆய்வு 2009-ல வெளிவந்துச்சு. ரத்தத்துல ஈயம் சராசரியா ஒரு டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமுக்கு மேல. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணே கிடையாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட நிலைப்பாடு. அந்த ஈயம் எல்லாம் பேட்டரியிலிருந்து வந்ததுன்னு நான் சொல்லலை. பழைய பெட்ரோல் புகை, பெயின்ட், தொழிற்சாலைன்னு பல வழி இருக்கு. ஆனா உலகத்துல இன்னிக்குப் பயன்படுற ஈயத்துல பெரும்பகுதி போறது பேட்டரிக்குத்தான். ஈயம் அழியாது, இடம்தான் மாறும். என் பேட்டரியிலிருந்து ஒரு தெரு மண்ணுக்கு, மண்ணிலிருந்து ஒரு குழந்தையோட விரலுக்கு, விரலிலிருந்து வாய்க்கு.

சட்டம் இருக்கு. 2001-லயே விதி வந்துடுச்சு. பழைய பேட்டரியை டீலர் வாங்கிக்கணும், அதுக்கு விலையில கழிவு கொடுக்கணும். வாங்கினவர் டீலர்கிட்டயோ சேகரிப்பு மையத்துலயோதான் திருப்பித் தரணும். 2022-ல புது விதி வந்து உற்பத்தியாளர்மேல பொறுப்பைக் கூட்டுச்சு. பேட்டரி மேல குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டி படம் இருக்கே, அது சொல்றது இதைத்தான். முந்நூறு ரூபாய் வாங்கினப்போ நான் சட்டத்தை மீறியிருக்கேன், எனக்கே தெரியாம.

காயலான் கடைக்காரரைக் குத்தம் சொல்ல நான் வரலை. அவரும் அந்தச் சங்கிலியோட அடியில இருக்கிறவர். பழைய புல்லட், பழைய மாருதி எல்லாம் இத்தனை வருஷம் ஓடுறதே இப்படி உடைச்சு, பிரிச்சு, திரும்பப் பயன்படுத்துறவங்களாலதான். மத்த எந்தப் பொருளையும் அவங்ககிட்ட போடுங்க. ஈயத்தை மட்டும் வேண்டாம்.

இந்தத் தடவை புதுப் பேட்டரி வாங்கினப்போ பழசைக் கடையிலயே கொடுத்தேன். பில்லுல கழிவுத் தொகையையும் எழுதச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனா எழுதிக் கொடுத்தார். முந்நூறு ரூபாய் நஷ்டம்தான். போன தடவை கொடுத்த அந்த 10 கிலோ எங்கே உருகுச்சுன்னு எனக்கு இனிமே தெரியப்போறதில்லை. இந்தத் தடவையாவது ஒரு பில் இருக்கு.

இப்போ டேஷ்போர்டுக்குள்ள ஒரு சின்ன மல்டிமீட்டர் வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில பானெட்டைத் திறந்து வெச்சுப் பார்க்கிறேன். போன வாரம் 12.6. அப்பா மாடியிலிருந்து, "என்னடா, டாக்டர் ஆயிட்டியா?"ன்னு கேட்டார். அவர் ஓட்டின காலத்துல அவரே பார்த்துக்கிட்டிருந்த வேலைதான் இது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுக்குள்ள, லாரி டிரைவர் யாராவது உதவிக்கு வந்தா நன்றி சொல்லுங்க, தள்ளிவிடச் சொல்லுங்க. கேபிள் மட்டும் வாங்காதீங்க.